அத்தைக்காகச் செவ்வாயில் ஓடிய வண்டி

எங்கள் தெருவுக்கு முதல் பிளாஸ்டிக் வாளி வந்த வருஷம் என்று சொன்னால் நம் வயசுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எமர்ஜென்சி நேரம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர் கையில் ஒரு சிவப்பு வாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். முதலியார்பேட்டையில் எங்கள் தெருக் குழாயடியில் அதுவரை பித்தளைக் குடமும் தகர வாளியும்தான். சிவப்பு வாளி வரிசையில் வந்து உட்கார்ந்ததும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாளிக்காரர் கவலையே படவில்லை. “சிரிங்க, நல்லா சிரிங்க. ஒங்க வாளி துருப்புடிக்கும். என்னுது புடிக்காது” என்பார்.

அந்த வருஷத்து ஆடி மாசத்தில்தான் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மிஷின் இறங்கியது.

உலகத்துக்கு அது ஒரு செய்தி. எங்கள் வீட்டுக்கு அது கல்யாணப் பேச்சு. ஏனென்றால் எங்கள் அத்தைக்குச் செவ்வாய் தோஷம்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் கூடத்தில் மேஜை விரிப்புகளுக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தாள். திராட்சைக் கொத்துப் போடுவதில் அவள்தான் முதல். திராட்சைக் கொடியை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திச் சொரசொரவென்று இருக்கும். அந்த விரலால் என் தலையைக் கோதினால் பேன் பார்ப்பதுபோல் சுகமாக இருக்கும்.

தோஷம் உள்ள பெண்ணைக் கட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது, கட்டுகிறவனுக்கும் செவ்வாய் இருந்தால்தான் சரிக்குச் சரியாகும் என்பது வழக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், அத்தை போட்ட திராட்சையைத் தடவிப் பார்த்தார்கள், ஜாதகத்தைப் பார்த்தார்கள், செருப்பைத் தேடினார்கள். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை தோறும் அத்தை பட்டினி. சாயங்காலம் கோயிலுக்குப் போய், நவக்கிரகத்தில் என் முழங்கை உயரமே இருக்கிற செவ்வாய்க்குச் சிவப்புத் துணி சுற்றி, துவரம்பருப்பு வைத்துவிட்டு வருவாள். திரும்பும்போது எனக்குப் பொட்டுக்கடலை வாங்கித் தருவாள் என்பதால் நான் ஒரு வாரமும் விட்டதில்லை.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். வேலை முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு திடீர்க் கிழவர் போல இருப்பார். சாமி இல்லை, ஜோசியம் பொய் என்று பேசுகிற கூட்டங்களுக்கு முதல் ஆளாகப் போவார். மறுநாள் தங்கையின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியர் வீட்டுக்கும் முதல் ஆளாகப் போவார். இரண்டும் அவருக்கு வேறு வேறு வேலை.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். ஜூலை பதினாலாம் தேதி வந்தால் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்குக் கிளம்புவார். அவர் நடக்க நடக்க மெடல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சலங்கைபோலச் சத்தம் கேட்கும். அவரிடம் ஒரு பெரிய ரேடியோ இருந்தது. அதில் இரைச்சலுக்கு நடுவே பிரெஞ்சு கேட்கும். கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து தெருவுக்கே உலகச் செய்தி சொல்வார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் நான் கேட்டதில்லை.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார். பாரீஸில் இருந்த மகள் அனுப்பிய புத்தகத்திலிருந்து கிழித்தது. வழவழவென்ற தாள். அதில், குளிக்கிற தொட்டிக்கு மூடி போட்டு எட்டுச் சக்கரம் வைத்ததுபோல் ஒரு வண்டி. சில வருஷங்களுக்கு முன்னால் ரஷ்யாக்காரன் நிலாவில் இறக்கி ஓட்டிய வண்டி அது. உள்ளே ஆள் கிடையாது. ஓட்டுகிறவன் பூமியில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுவானாம். இவன் திருப்பு என்று சொல்வது அங்கே போய்ச் சேரவே கொஞ்ச நேரம் ஆகுமாம்.

எங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மில் மதிலுக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாக ஒரு பொட்டல் உண்டு. ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஆவான். இன்னொருவன் தூரத்தில் நின்று “எடது”, “வலது”, “நில்லு” என்று கத்துவான். கத்தியதும் வண்டி திரும்பக் கூடாது. மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதுதான் சட்டம். எருமைச் சாணியும் சாக்கடையும் இருக்கிற பொட்டலில் “நில்லு” என்ற சொல் ஐந்து எண்ணி வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? நான் வண்டியாக இருந்த நாட்களில் அம்மா என்னைக் குழாயடியிலேயே கழுவித்தான் வீட்டுக்குள் விடுவாள்.

சொல்தாவுக்குத் தினமும் பொழுது சாய்ந்தால் ஐஸ் வேண்டும். எதற்கென்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பளம் பக்கம் ஐஸ் பேக்டரியில் வேலை செய்த ஒருவர், கட்டியை உமியில் புரட்டிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்து தருவார். உடைக்கும்போது தெறிக்கிற சில்லுகள் எங்களுக்கு. வாயில் போட்டால் உமியும் சேர்ந்துதான் கடிபடும். கொஞ்ச நாளில் கவனித்தேன். பெரிய சில்லு ஒன்று எப்போதும் என்னிடம் வரும். “வூட்டுல குடு” என்பார் ஐஸ்காரர். வீட்டில் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அத்தையிடம் கொண்டுபோவேன். அவள் அதைச் சாப்பிடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கரையும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனி மாசக் கடைசியில் ஐஸ்காரரே அப்பாவிடம் வந்து, “ஒங்க தங்கச்சிய எனக்குக் குடுங்கண்ணா” என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குச் சந்தோஷம். அவர் அம்மாவுக்கு இல்லை. தேங்காய்த்திட்டில் இருந்தார் அந்த அம்மா. புருஷன் இல்லை. இவர் ஒரே பிள்ளை. பிள்ளையின் ஜாதகம் சுத்த ஜாதகம். செவ்வாய் என்றதும், “எம்புள்ள எனக்கு உசுரோட வேணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆவணி பிறந்ததும் வேறு இடத்தில் பெண் பார்ப்பது என்று ஆனது. அன்று அத்தை போட்ட திராட்சையெல்லாம் கோணலாக இருந்தது என்று கூடத்தில் பிரிக்கச் சொல்லிவிட்டார்களாம்.

அப்போதுதான் அது இறங்கியது. அமெரிக்காக்காரன் அனுப்பிய மிஷின். இறங்கிய கிழமை என்ன தெரியுமா? செவ்வாய்க்கிழமை! ஆடிச் செவ்வாய்! “பாத்தியா, அமெரிக்காக்காரனும் நாள் பாத்துத்தான் எறக்குறான்” என்றார் வாளிக்காரர். நான் அடுத்த வாரம் கோயிலுக்குப் போய், கல் செவ்வாயின் தலையில் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று எக்கிப் பார்த்தேன். ஒரு செம்பருத்திப் பூ இருந்தது.

பேப்பரில் படம் வந்தது. கல், மண், ஓரத்தில் தட்டுபோல ஏதோ ஒன்று. அவ்வளவுதான். அப்பா டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தேங்காய்த்திட்டுக்கு மிதித்தார். அந்த அம்மா முன்னால் படத்தை விரித்தார்.

“நல்லா பாருங்கம்மா. இதான் செவ்வாய். வெறும் கல்லு, மண்ணு. இதுல தோஷம் எங்க இருக்குது, காட்டுங்க.”

அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

“ஏந்தம்பி, அம்மன் கோயில்லயும் கல்லுதான இருக்குது. ஒன் வூட்டுப் பொம்பளைங்க கும்புடல?”

அப்பாவுக்குக் கூட்டத்தில் பேசக் கேட்ட பதில்கள் நிறையத் தெரியும். ஆனால் படத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பெடலைத்தான் உதைத்தார்.

அத்தை வேறு வழியில் யோசித்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலிலிருந்து நேராக ஜோசியர் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வீட்டுக்கும் ஜோசியர் அவர்தான். ஒரு காது உடைந்த கண்ணாடியை நூலால் கட்டி மாட்டியிருப்பார்.

“ஐயா, இரும்பு எந்தக் கிரகத்துக்கு உண்டானது?”

“சனிக்கும்மா.”

“இரும்பு மிஷினு இப்ப செவ்வாய் மேல போய் உக்காந்திருக்குதே. அப்ப சனி ஏறுன மாதிரிதான? எங்கட்டம் இன்னும் பழைய மாதிரியேவா இருக்கும்?”

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார். “நாலு நாள் குடும்மா” என்றார்.

நாலு நாளோ, ஐந்து நாளோ. ஒரு காலையில் ஜோசியர் சொல்தா வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் அந்த அம்மாவும், சைக்கிளைப் பிடித்தபடி ஐஸ்காரரும். அப்பா பல்குச்சியோடு ஓடிவந்தார். அத்தை எங்கள் வாசல்படியில் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்தா ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றார் ஜோசியர். “செவ்வாய்ல எறங்குனது நிக்குதா, ஓடுதா?”

“இன்னா கேள்வி இது? அவ்ளோ தூரம் போய் நிக்கறதுக்கா போவும்? ஓடுது!” சொல்தா எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். “தோ, எண்ணிக்கங்க. எட்டு சக்கரம்.”

அப்பா இழுத்தார். “பேப்பர்ல சக்கரம் காணமே. ஒரு தட்டுதான தெரியுது.”

“அது பிரேக் கட்ட தம்பி. எறங்கசொல்ல பிரேக் போடலன்னா உருண்டு பூடும்ல? வொய்லா!” என்று பிரெஞ்சில் முடித்தார்.

ஜோசியர் தலையாட்டினார். “நின்னா ஒரு எடத்தோட போவும். ஓடுதுன்னா, போற எடமெல்லாம் சனியோட இரும்பு படும். அப்ப இந்த ஆடியிலேர்ந்து யாரு ஜாதகத்துலயும் செவ்வாய் சுத்தமில்ல.”

“யாரு ஜாதகத்துலயும்னா?” என்றார் அந்த அம்மா.

“ஒம்புள்ள ஜாதகத்துலயும்தான்.”

“எம்புள்ளைக்கா! அவன் சுத்த ஜாதகம்னு நீதானய்யா எழுதிக் குடுத்த!”

“போன மாசம் வரைக்கும் சுத்தம்.”

“ஐயையோ, அப்ப அவனுக்கு யாரக் கட்டுறது?”

“செவ்வாய் இருக்கற பொண்ணாப் பாரும்மா. அதான வழக்கம்?”

ஐஸ்காரர் சைக்கிள் மணியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அது கிணிங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டது. அந்த அம்மா வெளியே வந்து, எங்கள் வாசல்படியில் இருந்த அத்தையை ரொம்ப நேரம் பார்த்தார். “ஆவணியில நாள் பாருங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று எங்கள் வீட்டில் வடை சுட்டார்கள். அப்பா, தான் காட்டிய பேப்பர்தான் வேலை செய்தது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அத்தை தையல் கூடத்திலிருந்து வந்து தலைவலி என்று படுத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், “வாடா, தேங்காய்த்திட்டு வரைக்கும் போய்ட்டு வரலாம்” என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

வழியெல்லாம் தென்னந்தோப்பு. உப்பங்கழிப் பக்கத்துக் காற்றில் உப்பும் சேறும் மணந்தது. அத்தை வேகமாக நடந்தாள், நான் ஓடினேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கீற்று பின்னிக்கொண்டிருந்தார்.

“இன்னாடி, கண்ணாலத்துக்கு முன்னயே வாசப்படி மிதிக்கற?”

“ஒண்ணு சொல்லணும்மா. அது ஓடலியாம்.”

“எது?”

“செவ்வாய்ல எறங்குனது. எங்க கூடத்துல மதர்கிட்ட கேட்டேன். அவங்க பிரெஞ்சு பேப்பர்ல படத்தோட காட்டுனாங்க. சக்கரமே இல்ல. மூணு காலு. எறங்குன எடத்துலயே நிக்குதாம். சொல்தா தாத்தா நெலாவுக்குப் போன வண்டியக் காட்டி மாத்திச் சொல்லிட்டாரு.” மூச்சு வாங்கினாள். “ஒங்க புள்ள ஜாதகம் சுத்தமாத்தான் இருக்குது. எனக்குத்தான் செவ்வாய். இது தெரியாம நீங்க தாலி எடுத்துக் குடுக்கக் கூடாது.”

பின்னுகிற கை நின்றுவிட்டது. கல்யாணம் நின்றால் ஐஸும் நின்றுவிடும் என்றுகூட அப்போது நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

“மூணு கால்ல எப்டி நிக்கும்?” என்றார் அந்த அம்மா.

வழியில் அத்தை என்னிடம் சொல்லியிருந்தாள். நான் குனிந்து, இரண்டு காலையும் அகட்டி, இடது கையைத் தரையில் ஊன்றினேன். வலது கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். “இப்டித்தான். ஒத்தக் கையால மண்ண நோண்டுமாம். அவ்ளோதானாம்.”

அந்த அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. “எழுந்திருடா போதும், இடுப்பு புடிச்சிக்கப் போவுது.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாருமில்லாத ஊர்ல தனியா நின்னுகினு மண்ண நோண்டுதா? பாவம்” என்றார்.

கீற்றைப் பக்கத்தில் வைத்தார்.

“எனக்கும் அவருக்கும் பத்துப் பொருத்தமும் இருந்துச்சுடி. ஜோசியர் அசந்து பூட்டாரு. செவ்வாய் கிவ்வாய் ஒரு மண்ணும் கெடையாது. இவன் வயித்துல இருக்கசொல்லயே போய்ட்டாரு. எந்தக் கட்டத்துல எழுதியிருந்துச்சு அது?”

“அப்பறம் ஏம்மா என்ன வேணாண்ணீங்க?”

“ஜாதகம் பொய்யா இருக்கலாம். பயம் பொய்யில்லியே. ஒத்தப் புள்ள.” மடியில் விழுந்திருந்த தும்பைத் தட்டிவிட்டார். “நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எங்கொழுந்தன் வூட்டுல கேப்பாங்க, தெரிஞ்சே செவ்வாயக் கட்டிவச்சியான்னு. நான் இன்னா பதில் சொல்றது? அந்த ஜோசியர் ஒரு பதிலு குடுத்தாரு. அதையும் புடுங்கினு போவ வந்தியாடி நீ?”

அத்தை அழுதுவிட்டாள்.

“யார்கிட்டயும் சொல்லாத. ஒங்கண்ணங்கிட்டயும் சொல்லாத. அந்தாளு கூட்டத்துல போய்ப் பேசிடுவாரு.” அந்த அம்மா கீற்றை மறுபடி எடுத்துக்கொண்டார். “அது பாட்டுக்கு ஓடட்டும்.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சொல்தா எல்லா மெடலையும் குத்திக்கொண்டு வந்தார். பேக்டரிக்காரர்கள் ஒரு முழு ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து தொட்டியில் போட, கலர் பாட்டில்களை அதில் புதைத்தார்கள். பிள்ளைகள் கலரைவிட ஐஸைத்தான் நக்கினோம். அப்பா வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, விஞ்ஞானம் ஜெயித்தது என்று சொன்னார். கடைசி வரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மருமகளைப் பார்ப்பார், இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் இரண்டு பேரும் பிறகு என்னவெல்லாமோ சண்டை போட்டார்கள், குழம்புக்குப் புளி போதவில்லை என்பதிலிருந்து. செவ்வாய் மட்டும் ஒரு நாளும் அதில் வந்ததில்லை.

ஜோசியருக்குத் தெரியுமா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். டவுனில் வாத்தியார்கள் இருந்தார்கள். பிரெஞ்சு படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, தெரியாது என்றே சொல்லத் தெரியாத மனுஷரிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாரே! சின்ன வயசில் அவரை ஏமாந்தவர் என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளில் சொல்தா போய்ச் சேர்ந்தார். மகள் வந்து வீட்டை விற்றாள். வாங்கியவர்கள் சுண்ணாம்பு அடித்தபோது அந்தப் படம் சுவரோடு போனது. மாமா இருக்கிறார். ஐஸ் சுமந்த தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அத்தை திட்டினால் காது கேளாததுபோல் உட்கார்ந்திருப்பார். நன்றாகக் கேட்கும்.

இப்போது அவர்கள் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்கிற பெண். ஜாதகமும் கம்ப்யூட்டரில்தான் போட்டார்களாம். செவ்வாய் என்று வந்திருக்கிறது. பிடித்துப்போன பையன் வீட்டில் இழுக்கிறார்கள்.

அதனால்தான் உங்களையெல்லாம் உட்காரவைத்து இவ்வளவும் சொன்னேன். இப்போது செவ்வாயில் நிஜமாகவே வண்டி ஓடுகிறது. டிவியில் பார்த்திருப்பீர்கள், ஆறு சக்கரம். ஒன்று நின்றால் இன்னொன்றை அனுப்புகிறார்கள். எங்கள் ஜோசியர் சொன்ன கணக்குப்படி இன்றைக்கு உலகத்தில் ஒருத்தர் ஜாதகமும் சுத்தமில்லை. உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பெண் காத்திருந்தால், இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். பெண்ணின் அப்பாவிடம் வேண்டாம், அவர் படத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவார். மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லுங்கள். பயப்படுகிறவர் அவர்தான், ஊருக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டியவரும் அவர்தான். இந்தத் தடவை அதில் பொய் கலக்கக்கூட வேண்டியதில்லை.